குதிரைத்திறனைப் பார்க்கிறோம், புரொப்பெல்லரைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உவரி வட்டாரத்தில், படகின் பின்பலகையில் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் நான். கூட்டப்புளி முதல் உவரி வரை, பைபர் படகுக்கு எஞ்சின் வாங்குகிறவர்கள் அனைவரும் என்னிடம் முதலில் சொல்வது குதிரைத்திறனைத்தான். நீரைத் தள்ளிப் படகை உந்தும் இலைச்சக்கரமான புரொப்பெல்லர் எது பூட்டியிருக்கிறது என்று நான் கேட்டால், பெட்டியில் வந்ததுதான் என்று பதில் வருகிறது. அதில் ஒளிந்திருக்கும் நஷ்டத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

2017ஆம் ஆண்டின் ஒக்கி புயலுக்குப் பிறகு, கடலில் சிக்கியவர்களைத் தேடிப் போக வேகமான படகு ஒன்றாவது ஊரில் இருக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் பகுதியில் அடிக்கடி எழுகிறது. அந்த எண்ணத்தில் எங்களில் சிலர் பணம் சேர்த்து, 26 அடிப் படகு ஒன்றுக்கு 40 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சினை வாங்கினோம். விற்றவர் கரையில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார்; சத்தம் நன்றாக இருந்ததால் நாங்களும் தலையாட்டினோம். கடலில் ஐந்து பேரும் ஐஸ் பெட்டியும் வலையுமாகப் போனபோது, முழு வேகத்தில் பிடித்தும் ஜிபிஎஸ் கருவி 16 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகத்துக்கு மேல் காட்டவில்லை. எஞ்சினோ மேட்டில் ஏறும் பாரவண்டி மாடு போல மூச்சு வாங்கியது.

தீப்பொறிச் செருகின் கம்பியில் சுற்றி வைக்கும் சிறிய சுற்றுமானியைப் பூட்டிப் பார்த்ததில், முழுத் திறப்பில், அதாவது வேகப்பிடியை முழுவதும் திருகியபோது, நிமிடத்துக்கு 4600 சுற்றுகள்தான் வந்தன. கையேடோ, முழுத் திறப்பில் 5000 முதல் 6000 சுற்றுகளுக்குள் ஓட வேண்டும் என்று சொல்கிறது. குறை எஞ்சினில் இல்லை. அதில் பூட்டியிருந்த 13 அங்குலப் பிட்ச் கொண்ட புரொப்பெல்லர் அந்தப் பாரத்துக்குப் பொருந்தவில்லை.

பிட்ச் என்பது என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மரத்தில் திருகாணியை ஒரு முறை சுற்றினால் அது எவ்வளவு உள்ளே போகுமோ, அதுபோலப் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் வழுக்காமல் முன்னேறினால் எத்தனை அங்குலம் போகும் என்பதே பிட்ச். புரொப்பெல்லரின் நடுக்குடத்தின் மீது இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் முன்னது விட்டம், பின்னது பிட்ச். எஞ்சினின் சுற்றைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, வந்ததை 1215ஆல் வகுத்தால், வழுக்கல் இல்லாத கணக்கு வேகம் நாட்டில் கிடைக்கும். எங்கள் எஞ்சினின் கியர் விகிதம் 2; அதாவது எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு முறை சுற்றும். எனவே 4600 சுற்றுக்கும் 13 அங்குலத்துக்கும் கணக்கு வேகம் 24.6 நாட், கிடைத்ததோ 16. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரிலேயே வழுக்கிப் போயிருக்கிறது.

பிறகு 11 அங்குலப் பிட்ச் கொண்ட ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டி, அதே ஆட்களுடனும் அதே பாரத்துடனும் போனோம். சுற்று 5000ஐத் தொட்டது. கணக்கு வேகம் 22.6 நாட்டாகக் குறைந்தும், உண்மை வேகம் 18 நாட்டுக்கு உயர்ந்தது. பிட்சைக் குறைத்தால் வேகம் எப்படிக் கூடும் என்று கூட வந்தவர்கள் வியந்தார்கள். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை மலைக்கு ஏறும் பேருந்தை டாப் கியரில் ஓட்டினால் என்ன ஆகுமோ, அதைத்தான் பெரிய பிட்ச் செய்துகொண்டிருந்தது. பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. எங்களுக்கும் அது பிசகவில்லை. இரண்டே பேர் போகும்போது 5400 சுற்று வருகிறது. அதுவும் கையேட்டின் எல்லைக்குள்தான்.

எஞ்சினைத் தன் சுற்றுக்கு வரவிடாமல் பாரத்தில் இழுக்கவிடுவதால் போவது வேகம் மட்டுமன்று. எரிபொருள் சரியாக எரியாமல் கரி படிகிறது, பிஸ்டன் சூடேறுகிறது, ஆயுள் குறைகிறது. பிட்சை அளவுக்கு மீறிக் குறைத்தால் எதிர்த்திசைத் துன்பம்: சுற்று எல்லையைத் தாண்டி எஞ்சின் வீணாக அலறும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் வலு குறைகிறது. ஆகவே பெட்ரோலில் ஓட்டிப் பார்த்துத் தேர்ந்த புரொப்பெல்லர் நடுக்கடலில் பாரமாகிவிடும். எந்த எண்ணெயில் தொழில் செய்கிறோமோ, அதில்தான் சோதிக்க வேண்டும்.

எஞ்சினை எந்த உயரத்தில் மாட்டுவது என்பதிலும் எங்கள் பக்கத்தில் பெரும் அலட்சியம் இருக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகட்டைக் கேவிட்டேஷன் பிளேட் என்று எல்லோரும் அழைக்கிறோம். உண்மையில் அது தடுப்பது, மேற்பரப்புக் காற்றைப் புரொப்பெல்லர் உறிஞ்சுவதைத்தான். கேவிட்டேஷன் என்பது வேறு. புரொப்பெல்லர் இலையின் முதுகில் அழுத்தம் தாழ்ந்து நீரே ஆவிக்குமிழியாகி, அது உடையும்போது உலோகத்தை அரிப்பது அது. அந்தத் தகடு படகின் அடிமட்டத்தோடு ஒட்டியோ, ஓர் அங்குலம் கீழேயோ இருப்பது நல்ல தொடக்கம். எங்கள் படகுகளில் பின்பலகையை அறுத்த ஆசாரி ஓர் அளவு வைத்திருப்பார், வாங்கிவரும் எஞ்சினின் தண்டு, அதாவது பின்பலகையிலிருந்து கீழே இறங்கும் கால், 15 அங்குலமா 20 அங்குலமா என்பது வேறாக இருக்கும். தண்டு நீண்டுவிட்டால் கியர்ப்பெட்டி வீணாக நீரை இழுக்கிறது. குட்டையாகிவிட்டால் ஒவ்வோர் அலையிலும் காற்றைக் குடித்து எஞ்சின் கத்துகிறது. வேகத்துக்காக எஞ்சினை ஓரிரு அங்குலம் உயர்த்தி மாட்டச் சொல்லும் இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். அசையாத ஏரியில் அது பலன் தரும். ஆனி, ஆடிக் காற்றில் அலை உடையும் இடத்தைத் தாண்டி வெளியேற வேண்டிய எங்கள் கடலில், பின்பக்கம் ஒரு கணம் தூக்கியதும் உந்துதல் அறுந்து, படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். இரண்டு நாட் வேகத்துக்காக அந்த ஆபத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

இலைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று இலை பொது வேலைக்குப் போதும்; பாரத்தோடு படகை நீரின் மேல் ஏற்றவும், அலையில் பிடிப்புக்கும் நான்கு இலை உதவும், உச்ச வேகம் சற்றுக் குறையலாம். துருப்பிடிக்காத எஃகு மெல்லியது, வளையாதது, வேகப் படகுக்கு உகந்தது. ஆனால் மணலிலும் பாறையிலும் தட்டும் எங்கள் கரைக்கு, வளைந்தால் தட்டி நிமிர்த்தக்கூடிய அலுமினியமே அன்றாடத்துக்கு நல்லது என்பது என் கருத்து. இலையின் ஓரம் மணலில் தேய்ந்துவிட்டால் பொறித்த எண்ணை நம்பிப் பயனில்லை. மாற்றுப் புரொப்பெல்லர் ஒன்றும், அதன் நட்டு கழலாமல் தடுக்கும் கொட்டர்பின்னும், ஸ்பேனரும் படகிலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மீனவர் தனியாக என்ன செய்ய முடியும்? எஞ்சினை வாங்கிய பிறகு புரொப்பெல்லரை மாற்றித் தரக் கடைக்காரர் மறுக்கிறார். தனியே வாங்கினால் கைக்காசு போகிறது. ஆகவே மீன்வளத்துறையிடம் நான் கேட்பது இதுதான். மானியத்தில் எஞ்சின் வழங்கும்போது, ஆளும் பாரமும் ஏற்றிக் கடலில் முழுத் திறப்பில் ஓட்டி, சுற்று எண்ணிக்கையை எழுதிக் கொடுப்பதை விற்பவரின் கடமையாக்க வேண்டும். அந்த எண்ணிக்கை கையேட்டின் எல்லைக்குள் வராவிட்டால், பொருத்தமான பிட்சுக்குக் கட்டணமின்றி மாற்றித் தரும் நிபந்தனையைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். சுற்றுமானி ஒன்றைக் கடற்கரை ஊர்களின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களில் வைத்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களையும் சோதித்துக்கொள்ளலாம்.

எங்கள் படகிலிருந்து கழற்றிய 13 அங்குலப் புரொப்பெல்லர் என் பட்டறையில் சும்மா கிடக்கிறது. அதே 40 குதிரைத்திறன் எஞ்சினை எடை குறைந்த படகில் வைத்திருப்பவர், தம் எஞ்சினில் புரொப்பெல்லர் மாட்டும் தண்டிலுள்ள பற்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தால், ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன், எஞ்சின் பழுதுபார்ப்பவர்,
உவரி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.