கடைசி அலகை அவசரமா முடிச்சிராதீங்க: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஏஎல் பௌதிகவியல் ஆசிரியர்மாருக்கு ஒரு திறந்த மடல்

சேர்மார், டீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஆரையம்பதி ஆள். கிழக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்டுல எக்ஸ்ரே எடுக்கிற வேலை, இப்ப 14 வருசமாச்சு. போன மாசம் என்ட அக்காட மகள் பௌதிகவியல் கொப்பியத் தூக்கிக்கொண்டு வந்தா. சடமும் கதிர்ப்பும் அலகுக்கு மொத்தமே நாலு பக்கம், சமன்பாடு, பாஸ்ட் பேப்பர் கணக்கு, அவ்வளவுதான். "மாமா, எக்ஸ்ரே எப்பிடி உண்டாகுது என்டு இரிக்கி, வந்து விழுந்த இடத்துல அது எப்பிடிப் படமாகுது?" என்டு கேட்டா. கொப்பியில அதுக்கு ஒரு வரி கூட இல்ல. சோதினை கிட்ட வந்திரும், பாடவிதானம் முடியோணும், உங்கட கஷ்டம் எனக்கு நல்லா விளங்குது, ஆனா அந்தக் கேள்விய அப்பிடியே விட்டுட்டுப் போறது புள்ளையளுக்குப் பெரிய நட்டம் என்டு சொல்லத்தான் இத எழுதுறன்.

நாங்க இப்ப பிலிமுக்குப் பதிலா பாவிக்கிற, எக்ஸ்ரே வந்து விழுற டிஜிட்டல் பேனலுக்குள்ள சீசியம் அயடைட்டு பளிங்கு இரிக்கி, நுணுக்கமான ஊசிகள நெருக்கி நட்டு வெச்ச மாதிரி. எக்ஸ்ரே போட்டன் (கதிர்ட ஒரு துணிக்கை) ஒண்டு விழுந்தா பளிங்கு மின்னும், அந்த வெளிச்சம் ஊசிக்குள்ளாலயே இறங்கி கீழ இருக்கிற சிலிக்கனுக்குப் போய் மின்னேற்றமா மாறும். ஊசி மாதிரி வளர்க்கிறது ஏனென்டா வெளிச்சம் பக்கவாட்டுல பரவிப் படம் கலங்கக் கூடாது. இதெல்லாம் கேட்டா புள்ளையளுக்குப் புடிக்கும். ஆனா நான் படிப்பிக்கச் சொல்றது இத விட முக்கியமான ஒண்டு.

ஒரு நாள் ஒரு அம்மாட கைப் படத்துல ஓரமா சின்ன வெள்ளப் பொட்டு. எலும்புத் துண்டோ என்டு நெஞ்சு திக்கென்டு போச்சு. அடுத்து வந்தவருக்கு முழங்கால் படம், அதுலயும் அதே மூலையில அதே பொட்டு. அப்பதான் விளங்கிச்சு அது பேனல்ட பிழை, ஆள்ட உடம்புல ஒண்டுமில்ல. இதுக்காகத்தான் எக்ஸ்ரே இல்லாம ஒரு படமும், முன்னால ஆரும் இல்லாம எக்ஸ்ரே அடிச்சு ஒரு படமும் எடுத்து, தானா மின்னுற புள்ளியையும் செத்த புள்ளியையும் கண்டுபுடிச்சுத் திருத்துறது. கருவி காட்டுறதுல எது வெளியால இருந்து வந்தது, எது கருவிட சொந்தச் சத்தம், இதப் பிரிக்கிறதுதான் எங்கட தொழில்ல பாதி. மட்டக்களப்பு வாவில பாடும் மீன்ட சத்தம் கேக்கப் போற ஆக்களுக்கு இது புதுசில்ல, தோணிய ஆட்டாம நிப்பாட்டி, துடுப்புட நுனிய காதுல வெச்சு, தண்ணி அடிக்கிற சத்தம் எது என்டு பழகினாத்தானே மத்தது கேக்கும்.

வானத்தப் பாக்கிற ஆக்களுக்கும் இதே பாடுதான். சந்திரசேகர்ட பேர் உங்கட புள்ளையளுக்குத் தெரிஞ்சிருக்கும், வெண்குறளி நட்சத்திரத்துட (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்துட மிச்சம்) திணிவுக்கு சூரியனப் போல 1.4 மடங்குதான் எல்லை என்டு கணக்குப் போட்டு 1983ல நோபல் பரிசு எடுத்தவர். அவர்ட பேர்ல சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி 1999 ஜூலை 23 மேல போச்சு. சந்திரனுக்குப் போற தூரத்துல மூண்டுல ஒரு பங்கு வரைக்கும் போய் வாற சுற்றுப்பாதை, ஒவ்வொரு சுற்றுலயும் பூமிட கதிர்ப்புப் பட்டிகளுக்குள்ளால (பூமிட காந்தத்துல மாட்டுப்பட்ட துணிக்கையள் சுத்துற இடம்) வரோணும். போன கொஞ்ச நாள்லயே அந்தப் பட்டியில இருந்த சக்தி குறைஞ்ச புரோத்தன்கள் எக்ஸ்ரே கண்ணாடிகள்ல பட்டுத் தெறிச்சு நேரா படம் புடிக்கிற சிசிடி சில்லுகள்ல விழுந்து, முன்பக்கத்தால வெளிச்சம் வாங்குற சில்லுகள் பழுதாகிட்டு. மேல போய்த் திருத்த ஏலாது. பட்டிக்குள்ளால போகக்குள்ள சிசிடிய குவியத்துல இருந்து நகத்தி வெச்சாங்க, பழுதான சில்லு தாற தரவ கணக்குப் போட்டுத் திருத்தினாங்க. வெப்பத்தால வாற சத்தமும் அந்தப் பழுதுட பாதிப்பும் குறையத்தான் அந்தச் சில்லுகள -120 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர வெச்சாங்க.

மறுகா வானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாவிக்கிற பொருளும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஸ்விஃப்ட் செய்மதி 2004ல போனது, காமாக் கதிர் வெடிப்பப் புடிக்க அதுல 32,768 கட்மியம் சிங்க் டெலூரைட்டுத் துண்டு. 2012ல போன நியூஸ்டார் செய்மதியிலயும் 2015ல போன இந்தியாட அஸ்ட்ரோசாட் செய்மதியிலயும் அதே பளிங்கு. அதுட சொந்தக்காரப் பளிங்கு கட்மியம் டெலூரைட்டு, 2021ல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச போட்டன் எண்ணுற சிடி ஸ்கேனர்ல இரிக்கி. நடுவுல வெளிச்சமா மாறாம போட்டன் நேரடியா மின்னேற்றமாகுது, ஒவ்வொண்டையும் எண்ணி சக்தியையும் அளக்குது, அதால குருதிக்குழாய்க்குள்ள ஓடுற அயடீனையும் சுவர்ல படிஞ்ச கல்சியத்தையும் பிரிச்சுக் காட்ட ஏலும்.

இனி நான் கேக்கிறது. ஒரே ஒரு பாடவேள தாங்க. ஒரு போன் கமராவ கறுப்பு டேப்பால நல்லா மூடி, புரோ மோட்ல 30 செக்கன் படமா அரை மணித்தியாலம் எடுக்கச் சொல்லுங்க. சார்ஜ்ல போட வேணாம், எங்கட வெக்கைக்கு போன் சூடாகினா புள்ளி கூடிரும். மறுகா பெரிசாக்கிப் பாக்கோணும். எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல மின்னினா அது சில்லுட பழுது. ஒரே ஒரு படத்துல மட்டும் வந்திருந்தா அத விடாதீங்க, நேர் கோடு என்டா வானத்துல இருந்து வந்த மியூவனா (அண்டக் கதிர் வளியில மோதி உண்டாகிற துணிக்கை) இருக்கலாம், புழு மாதிரி நெளிஞ்சா பெரும்பாலும் இலத்திரன். கடல் மட்டத்துல ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிசத்துக்கு ஒண்டளவுல மியூவன் விழுது, கமராச் சில்லு நகத்த விடச் சின்னன், அதால பொறுமை வேணும்.

எக்ஸ்ரே எடுக்க வாற அம்மாமார் "தம்பி, இந்தக் கதிர் புள்ளட உடம்புல தங்கிருமா?" என்டு கேக்காத நாளில்ல. மெசின் நிண்டா கதிரும் நிண்டிரும், நெஞ்சுப் படம் ஒண்டுல வாறது நாம இயற்கையா சில நாள்ல வாங்குற அளவுதான், என்டு சொல்லிக் கொண்டேதான் இரிக்கன். இயற்கையாவே கதிர் வந்து விழுது என்டு தன்ட போன்லயே அந்த மியூவன் கோட்டக் கண்ட புள்ள வீட்டில அத என்னை விட நல்லாச் சொல்லும்.

மருமகள் 60 படம் எடுத்தா. 11 பொட்டு, அதுல 9 ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வந்தது, சிவப்புப் பேனையால வெட்டிட்டா. மிச்ச ரெண்டுல ஒண்டு நேர் கோடு, அத அவ ராவு பத்து மணிக்கு எனக்கு அனுப்பினா.

உங்கட பள்ளியில செய்யிறதெண்டா சொல்லுங்க, சனிக்கிழமையில நான் வாறன். பழைய எக்ஸ்ரே கசெற் (பிலிம் வைக்கிற தட்டையான பெட்டி) ஒண்டும் என்னட்ட இரிக்கி, துறந்து காட்டலாம். படுவான்கரைப் பக்கமெண்டாலும், பொத்துவில் எண்டாலும் பரவாயில்ல, பைக் இரிக்கி.