டெங்கு வைரஸின் சொந்தக் கருவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவப் பக்கத்தில் வெளியான டெங்கு கட்டுரையில், ‘வைரஸுக்கென்று சொந்தமாக எதுவும் கிடையாது, செல்லின் இயந்திரங்களை வைத்தே பெருகுகிறது’ என்று எழுதப்பட்டிருந்தது. இது பாதிதான் சரி. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் செல்லுடையது. ஆனால் ஆர்என்ஏவைப் பார்த்து முழு நீள ஆர்என்ஏவை நகலெடுக்கும் ஏற்பாடு நம் செல்களில் இல்லை. அந்த வேலையை வைரஸ் தன் புரதங்களைக் கொண்டே செய்கிறது.

டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. செல்லுக்குள் வந்ததும் அதிலிருந்து ஒரே நீளப் புரதம் தயாராகி, 10 புரதங்களாக வெட்டப்படுகிறது. 3 வைரஸின் உடலைக் கட்டுபவை. மீதி 7, அதாவது உடலைக் கட்டுவதில் சேராத என்எஸ் (non-structural) புரதங்கள், பெருக்கத்தைக் கவனிப்பவை. வெட்டுவதில் பெரும்பங்கு என்எஸ்3-க்கு. அதுவும் என்எஸ்2பி துணைக்கு ஒட்டிக்கொண்டால்தான் வெட்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ரைபோசோம் ஆர்என்ஏவை அதன் தொடக்கமான 5' முனையிலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறது. நகலெடுக்கும் புரதமான என்எஸ்5 பாலிமரேஸோ கடைசியான 3' முனையிலிருந்து புறப்பட வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்! என்எஸ்5 இதைச் சமாளிக்கும் விதம் விசித்திரமானது. வேலை தொடங்க வேண்டிய முனையை விட்டுவிட்டு, எதிர்முனையில் முதல் 70 எழுத்துகள் மடிந்து உண்டாகும் தண்டைப் பிடித்துக்கொள்கிறது. இரு முனைகளிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் எழுத்துவரிசைகள் உள்ளன. அவை இணைந்ததும் ஆர்என்ஏ வளையமாகி, 3' முனை என்எஸ்5-இன் அருகிலேயே வந்து சேர்கிறது. ஆய்வகத்தில் ஒரு பக்க எழுத்துகளை மட்டும் மாற்றினால் நகலெடுப்பு நின்றுபோகிறது. மறுபக்கத்தையும் அதற்குப் பொருந்த மாற்றிவிட்டால் மறுபடி நடக்கிறது. அப்படியானால் குறிப்பிட்ட எழுத்துகளைவிட, முனைகள் சேர்வதுதான் முக்கியம்.

நகலெடுத்ததும் முதலில் கிடைப்பது அசலுக்குப் பொருந்தும் எதிர் இழை. அது தயாரானதும், அசலான நேர் இழையும் அதுவும் பின்னிக் கிடக்கும். அதைப் பிரிப்பது என்எஸ்3-இன் மறுபாதியான ஹெலிகேஸ். பிறகு எதிர் இழையை அச்சாக வைத்து, அதைப் போல 10 முதல் 100 மடங்கு நேர் இழைகள் உருவாகின்றன. இவ்வளவும் நடப்பது, செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையின் சவ்வு உள்வாங்கி உண்டாகும், சுமார் 90 நானோமீட்டர் அகலமுள்ள பைகளில். சவ்வை வளைப்பதில் என்எஸ்4ஏ, என்எஸ்4பி இரண்டுக்கும் பங்குண்டு. இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் செல் எச்சரிக்கையாகிவிடும், பை அதை மறைக்கவும் உதவுகிறது.

மருந்து தேடுவோர் இந்தப் புரதங்களைத்தான் குறிவைக்கிறார்கள். பாலிமரேஸைத் தடுக்கும் பலாபிரவிர் வியட்நாமில் டெங்கு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது, ரத்தத்தில் வைரஸ் குறையவில்லை. என்எஸ்3-உம் என்எஸ்4பி-யும் சேரவிடாமல் செய்யும் மாஸ்னோடென்விர் நம்பிக்கை தந்தது. அதன் கள ஆய்வை 2024 அக்டோபரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுத்திக்கொண்டது. வணிக முன்னுரிமையை மாற்றியதாகத்தான் நிறுவனம் சொன்னது.

கட்டுரை ‘ரத்தப் பரிசோதனை’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்ட என்எஸ்1-உம் இந்த எழுவரில் ஒன்றுதான். அது இல்லாமல் நகலெடுப்பு நடக்காது. மிகுதியாகத் தயாராகி ரத்தத்தில் கலப்பதால்தான் காய்ச்சலின் முதல் நாளிலேயே கண்டுபிடிக்க முடிகிறது. சுமார் 5 நாளுக்குப் பிறகு பிடிபடும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, பழைய எதிர்ப்புப் புரதங்கள் என்எஸ்1-ஐப் பற்றிக்கொள்வதால், அதற்கும் முன்பே ‘நெகட்டிவ்’ வரலாம். அத்தகையவருக்குத்தான் நோய் கடுமையாகும் ஆபத்தும் அதிகம். ஐந்தாம் நாளுக்குப் பின், உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனையும் தேவை. காய்ச்சல் இறங்கும்போது ரத்தத்தில் வைரஸும் இறங்கிக்கொண்டிருக்கும், ஆனால் ரத்தநாளங்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும்.

பரிசோதனைக் கூடங்கள் என்எஸ்1 முடிவுக்குப் பக்கத்தில், ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதையும் அச்சிட்டுத் தந்தால் நல்லது. ஒரு வரி கூடுதல் வேலைதான்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர்கள்,
மதுரை.