கறள் பிடிக்கிற ஊரில் வெல்டிங் மட்டும் பழக்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓ.எல். முடித்த பிள்ளைகள் என்ன தொழில் பழகலாம் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் வெல்டிங் என்று வந்தால் தீப்பொறி பறக்கிற ஒரு படம், என்.வீ.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழின் 4ஆம் மட்டம், வெளிநாட்டுச் சம்பளம், அதோடு கட்டுரை முடிந்துவிடும். திருகோணமலையில் சின்னதாக ஒரு இரும்பு வேலைத்தலம் நடத்துகிறேன், பொடியன்களைப் பழக்கியும் விடுகிறேன். ஒட்டி முடித்த பிறகு இரும்பின் மேற்பரப்புக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடலோரத்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போய் எந்த கேற்றையாவது பாருங்கள். கறள் முதலில் கிளம்புவது ஒட்டிய இடத்திலும் கூரான விளிம்பிலும்தான். ஒட்டின இடத்தின் மேல் இருக்கிற கசடைச் சரியாகத் தட்டி எடுக்காமல் பெயின்ற் அடித்தால், கசடு உதிரும்போது பெயின்ற்றும் சேர்ந்து உதிரும். கூரான விளிம்பில் பெயின்ற் நிற்காது, காயும்போது இரண்டு பக்கமும் இழுபட்டு மெல்லிசாகிவிடும், அதனால் விளிம்பைக் கிரைண்டரால் உருட்டிவிட்டு முதலில் அங்கே தூரிகையால் ஒரு தடவை தனியாக அடிக்க வேண்டும். இதையெல்லாம் விட மோசமானது உப்பு. கடற்காற்றில் ஒரு இரவு வெளியே கிடந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும், அதன் மேலேயே பெயின்ற் அடித்தால் அந்த உப்பு பெயின்ற்றுக்குள்ளால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போட வைக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்தால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. காற்றில் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் பெயின்ற் அடிக்கக்கூடாது என்பது பொதுவான விதி, ஆனால் எங்கள் ஊரில் மாரியில் வாடைக்காற்று அடிக்கிற நாட்களில் விடியற்காலையிலேயே தூரிகையோடு நிற்கிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

சான்றிதழோடு வருகிற பிள்ளைகள் சிலர் அழகாக ஒட்டுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் ரெட் ஒக்சைட் பிரைமர் டின்னைக் கொடுத்தால் அது ஏதோ கூலி வேலை என்று முகம் சுளிப்பார்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த ஊர் இது. கறள் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது கப்பலில் என்றைக்குமே பொறுப்பான வேலைதான், அந்த மதிப்பு வேலைத்தலத்துக்குள் மட்டும் ஏன் வரவில்லை?

கல்வனைஸ் பைப் இன்னொரு தலையிடி. ஒட்டுகிற சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், பிறகு துத்தநாகம் கலந்த பிரைமர் போட்டு மூடாவிட்டால் கல்வனைஸ் வாங்கின காசு வீண். துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கும், வெல்டிங் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம், அந்த வெள்ளைப் புகையை இழுத்த பொடியனுக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும், வீட்டில் வைரஸ் காய்ச்சல் என்று நினைப்பார்கள். பால் குடித்தால் போய்விடும் என்பது சும்மா கதை. பூச்சை முதலில் உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு ஒட்டப் பழக்க வேண்டும். கறளை எடுக்கவென்று கொம்பிரஸரில் கடற்கரை மணலைப் போட்டு இரும்பில் அடிக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், மணலில் இருக்கிற உப்பு இரும்பில் ஒட்டும், ஒரே வேலையில் இரண்டு கேடு.

ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண இரும்புக்குப் பாவித்த அதே டிஸ்க்கையும் கம்பித் தூரிகையையும் அதிலும் போடுகிறார்கள். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு சில வாரங்களில் கறள் புள்ளி தெரியும், வாடிக்கையாளர் வந்து கள்ளச் சாமான் என்று சண்டை பிடிப்பார். கடலோரத்துக்கு 304 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலை விட மொலிப்டினம் என்கிற உலோகம் சேர்ந்த 316 ரகம் நல்லது என்பதையும் பயிலுநருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பயிற்சி நிலையங்களிடம் நான் கேட்பது பெரிய காசு போகிற காரியம் இல்லை. பயிற்சி தொடங்கிய முதல் மாதமே ஒவ்வொரு பிள்ளையும் சின்னதாக ஒரு பிராக்கெட் செய்யட்டும், பாதியை முறைப்படி துப்புரவாக்கி அடிக்கட்டும், மற்றப் பாதியை வழமை போல் அவசரத்தில் அடிக்கட்டும். அதைக் கடல் பக்கத்து வேலியில் கட்டிவிட்டு, இறுதிப் பரீட்சை அன்று கழற்றி வந்து மேசையில் வைத்துக் கேள்வி கேளுங்கள்.

எங்கள் முதலாளிமாருக்கும் ஒன்று. சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசிவிட்டு, வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுவது பெயின்ற் வேலையைத்தான், அதைப் பார்த்துத்தான் பொடியன்களும் பழகுகிறார்கள். கொட்டேசனில் துப்புரவாக்கல், பிரைமர், மேல் பூச்சு என்று தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள், எதைக் குறைப்பது என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
வேலைத்தல உரிமையாளர் ஒருவர்,
திருகோணமலை