‘உப்பு கூடியிருக்கா?’ என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மயக்க மருந்து மருத்துவர் வந்தார். இளைஞர், நல்ல பொறுமைசாலி. கிட்னியில் ஏதும் பிரச்சினை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா உடனே “நோ, நோ” என்று தலையாட்டிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏம்மா, பலதுறை மருந்தகத்துல உப்பு கூடியிருக்குன்னு சொன்னாங்கல்ல?”

“அது உப்புதானே. கிட்னி நல்லாத்தான் இருக்கு.”

சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறினால் நம் வீடுகளில் அதற்குப் பெயர் ‘உப்பு’. அம்மா பொய் சொல்லவில்லை. கேட்ட சொல் அவருடைய சொல் இல்லை, அவ்வளவுதான்.

நான் மொழிபெயர்த்ததும் மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். வலியைக் குறைக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாம். பேறுகாலத்தில் ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வராமலிருக்கப் போடுவார்களே, அதே மருந்து. வலியைப் பெரிதாக்கும் நரம்புச் சமிக்ஞையை அது தடுக்கிறது. அதனால் மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவை குறையும். எடையில் கிலோவுக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை கொடுப்பார்களாம். ஆனால் அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது தளர்ந்திருந்தால் மெக்னீசியம் உடலிலேயே தேங்கும். தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தின் வேலையும் நீண்டுவிடும். அளவு மிஞ்சினால் முதலில் முழங்காலைத் தட்டினால் கால் உதறுவது நிற்கும், அப்புறம் மூச்சே தளரும்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது இதே மருந்தைக் கொடுத்தார்கள். அன்று இரவு ஒரேயொரு முறைதான் தாதியிடம் வலி மருந்து கேட்டேன். மெக்னீசியத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் நல்ல மருந்து என்றே நினைக்கிறேன். எனக்கு ஒத்துக்கொண்டது அம்மாவுக்கு ஆகாது என்பதைத்தான் அன்று புரிந்துகொண்டேன்.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் எப்படியும் தெரிந்திருக்கும்தான். ஆனால் அம்மா தலையணைக்கடியில் வைத்திருந்த வெள்ளை கேஸ்ட்ரிக் மருந்தைப் பற்றி எந்தப் பரிசோதனை சொல்லும்? பாட்டிலைத் திருப்பிப் படித்தால் அதிலும் மெக்னீசியம். தினமும் இரண்டு கரண்டி குடித்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மெக்னீசியம் ஏற்றவில்லை. இடுப்பருகே நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டு, பாராசிட்டமோல் கொடுத்துச் சமாளித்தார்கள். மூன்றாம் நாள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

நான் அன்று வேலைக்குப் போயிருந்தால்? பிள்ளைகள் உடன் இல்லாத முதியவர்கள் எத்தனை பேர்! மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான்: அறுவைக்கு முன் கேட்கும் கேள்விகளைத் தமிழிலும் ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள். அகராதித் தமிழில் வேண்டாம். ‘உப்பு கூடியிருக்கா?’, ‘கடையில் வாங்கி என்ன மருந்து குடிக்கிறீங்க?’ என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்