வாற சனத்தை வீட்டில தங்க வைக்கலாம்தானே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

முல்லைத்தீவுக் கடற்கரையில பெரிய ஹொட்டல் ஒண்டு வந்தாத்தான் இந்தப் பக்கம் சுற்றுலா வளரும் எண்டு இப்ப கடை, சந்தி எங்க போனாலும் ஒரே கதை. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான், போன புரட்டாதியில கிர்கிஸ்தான் போய் வரும்வரைக்கும். தங்கச்சியின்ர மகன் பிஷ்கேக்கில டொக்டருக்குப் படிக்கிறான், "பெரியம்மா ஒருக்கா வாங்கோ" எண்டு ஒரே கரைச்சல், இவரும் நானும் வெளிக்கிட்டிட்டம்.

பிஷ்கேக்கில இருந்து கராகோல் எண்ட மலையடி ஊருக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். மர்ஷ்ருத்கா எண்டு ஒரு வான் ஓடுது, எங்கட மினிபஸ் மாதிரித்தான், ஆள் நிறையாமல் வெளிக்கிடாது. பாதி வழி இசிக் குல் ஏரிக்கரையால போகுது. 668 மீற்றர் ஆழம், 1,600 மீற்றர் உயரத்தில கிடந்தும் மாரியில உறையாது, தண்ணி லேசா உப்பு. வாயில விட்டுப் பாத்தனான், எங்கட ஊர்க் களப்பு நந்திக்கடலின்ர உப்புக்குக் கிட்டவும் வராது.

கராகோல் 1869 இல ரஷ்யாக்காரர் பட்டாளம் இருத்தக் கட்டின ஊர். 1888 இல பிரஷெவால்ஸ்கி எண்ட ரஷ்யப் பயணி அங்க காய்ச்சலில செத்துப்போக ஊருக்கு அவற்ற பேரை வைச்சு, பிறகு எடுத்து, திருப்பியும் வைச்சு, சோவியத் உடைஞ்ச பிறகுதான் பழைய பேர் நிலைச்சதாம். ஊர்ப்பேர் மாத்திற விளையாட்டு எங்களுக்குப் புதுசே! ஒரு இடத்தில வளைஞ்ச கூரையோட சிவப்பும் பச்சையுமா ஒரு மரக்கட்டடம், "இங்கயும் விகாரையோ" எண்டு இவர் கேட்க, பெடியன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அது பள்ளிவாசலாம். சீனாவில இருந்து தப்பி வந்த டுங்கான் முஸ்லிம் சனம் 1910 இல கட்டி முடிச்சது, ஆணி ஒண்டும் அடிக்காமல் மரத்தை மரத்தோட பொருத்தி.

ஞாயிறு விடியமுன்னமே மாட்டுச் சந்தை. குதிரை, மாடு, பின்னால கொழுப்புத் தொங்கிற செம்மறி. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக் குலுக்கிக் குலுக்கி விலை பேசினம், விலை படியும்வரைக்கும் கையை விடேல்ல, படிஞ்சதும் ஆட்டைத் தூக்கிக் காரின்ர டிக்கிக்குள்ள போட்டுக்கொண்டு போயிட்டினம்.

இதெல்லாம் கிடக்கட்டும், நான் எழுத வந்தது நாங்கள் தங்கின வீட்டைப் பற்றி. ஒரு கிழவியின்ர வீடு, வளவு முழுக்க அப்பிள் மரம். தேத்தண்ணி ஊத்தினா பாருங்கோ, கோப்பையில அரைவாசிதான். எனக்கு முகம் சுருங்கிப் போச்சு, எங்கட வீட்டில வந்த ஆக்களுக்கு அரைக் கோப்பை குடுத்தா அம்மா எங்களைக் கொன்று போட்டிடுவா. பிறகுதான் விளங்கிச்சு, நிரப்பிக் குடுத்தா குடிச்சிட்டு வெளிக்கிடு எண்ட மாதிரியாம், கொஞ்சங் கொஞ்சமா ஊத்தினா இன்னும் இரு எண்டு அர்த்தமாம். எங்களுக்கு ஏழு தரம் ஊத்தினா. நான் ரொட்டியைக் கவிட்டு வைச்சிட்டன், ஒண்டும் பேசாமல் எடுத்து நிமித்தி வைச்சா. அடுத்த நாள் காலமை அஷ்லான்-ஃபூ எண்டு புளிப்பும் உறைப்புமா குளிர்ந்த நூடில்ஸ், பழஞ்சோத்துத் தண்ணி குடிச்ச சுகம்.

வாற சனத்தை இப்பிடி வீடுகளில தங்க வைக்கிற முறையை 2000 ஆம் ஆண்டளவில அங்க கொச்கோர் எண்ட ஊரில சுவிஸ் நாட்டு உதவியோட துடங்கி, பிறகு மற்ற ஊருகளுக்கும் கொண்டு போயிருக்கினம். ஊரில ஒரு சின்ன ஒவ்வீஸ், எந்த வீட்டில அறை கிடக்கெண்டு அவைக்குத் தெரியும், ஆளை அங்க அனுப்புவினம், அவ்வளவுதான்.

எங்கட பக்கம் பஸ் பஸ்ஸா சனம் வருகுது, வட்டுவாகல் பாலத்தில நிண்டு படம் எடுக்குது, கொண்டந்த சோத்துப் பார்சலைத் திண்டிட்டுப் பேப்பரை எங்களுக்கு விட்டிட்டுப் போகுது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வாற வெளிநாட்டுச் சொந்தங்களே வவுனியாவில ரூம் எடுத்து நிக்குதுகள். நண்டுக் கறியும் ஒடியல் கூழும் எங்கட அடுப்பில, வந்த சனம் தூரத்தில. "கிணத்தடியில குளிக்க ஆர் வருவினம்" எண்டு இவர் கேக்கிறார். அந்தக் கிழவி வீட்டிலயும் கக்கூசு வளவுக்குள்ள தள்ளித்தான் கிடந்தது, ஜெர்மன்காரர் ரெண்டு பேர் சந்தோசமா நாலு நாள் நிண்டவை.

மகள் கலியாணம் முடிச்சுப் போன பிறகு எங்கட முன்னறை பூட்டினபடி கிடக்கு. வீட்டை ஹோம்ஸ்டே எண்டு எங்க பதியிறது, என்னென்ன கேப்பினம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் ஆராவது உங்கட பேப்பரில தமிழில எழுதினா பெரிய உதவி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்குடியிருப்பு