டிசம்பர் 22: என் அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

"என் பொறந்தநாள் அன்னைக்கு மட்டும் அப்பத்தா ஏன் சித்தப்பா ராத்திரி தூங்காம உக்காந்திருக்காங்க?" என்று போனில் கேட்டாய். அப்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கணிதமேதை ராமானுஜன் பிறந்ததும் டிசம்பர் 22 என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். 1887-இல் ஈரோட்டில், அம்மா பிறந்த வீட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தாள் விலைக்குக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதியவர். 32 வயதில் போய்விட்டார். 2012 முதல் அவர் பிறந்தநாளைத் தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். உனக்கும் கணக்கு நன்றாக வருவதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஆனால் நம் வீட்டில் இந்தத் தேதிக்குப் பெயர் "புயலன்னைக்கு."

1964. அப்பத்தாவுக்கு 13 வயது, பாம்பனில் இருந்தார்கள். அவருடைய அண்ணனுக்குத் தனுஷ்கோடியில் மூட்டை தூக்கும் வேலை. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த காலம் அது. ஸ்டேஷன், கஸ்டம்ஸ், தபாலாபீஸ், சர்ச் என்று தனுஷ்கோடி ஒரு முழு ஊராக இருந்தது. அன்று இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயிலில் அப்பத்தாவின் அண்ணன் ஏறினார். தூக்குச்சட்டியில் சோறும் சுட்ட கருவாடும் வைத்து, மூடி சரியாக உட்காரவில்லை என்று துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தது அப்பத்தாதான். "முடிச்ச ரொம்ப இறுக்கிட்டேன், அவுத்துச் சாப்புட்டானோ என்னமோ" என்று இன்றும் சொல்வார்.

தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. ஓட்டுநர் நீளமாக விசில் ஊதிவிட்டு இருட்டுக்குள் வண்டியை நகர்த்தினார் என்கிறார்கள். அலை வந்து ரயிலை மொத்தமாக அள்ளிக்கொண்டது. கணக்கில் இருந்தவர்கள் 115 பேர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் சேர்த்தியில்லை. புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைப் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். தனுஷ்கோடியை யாரும் திரும்பக் கட்டவில்லை. சர்ச்சின் மொட்டைச் சுவர்களை நீயே பார்த்திருக்கிறாய்.

அலை அடித்தது நள்ளிரவு தாண்டி. நீ பிறந்தபோது உன் அப்பா இதைச் சொல்லித்தான் அப்பத்தாவைத் தேற்றப் பார்த்தார்: "அம்மா, அது 23. பிள்ள பொறந்தது 22. ரெண்டும் வேற வேற நாள்."

"வண்டி ஏறினது 22 தான்ப்பா" என்றார் அப்பத்தா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தெருவுக்கே கொடுக்கச் சர்க்கரை வாங்கிவரச் சொல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார். அன்றிலிருந்து காலையில் உனக்காகப் பாயசம் வைப்பார். ராத்திரி தன் அண்ணனுக்காக விளக்கு ஏற்றுவார்.

இந்த வருஷம் லீவுக்கு வரும்போது 22-ஆம் தேதி சீக்கிரம் தூங்கிவிடாதே. பதினொன்றரைக்கு மேல் திண்ணைக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள். எதுவும் கேட்க வேண்டாம். குளிரும், போர்வை எடுத்துவா.

அன்புடன்,
சித்தப்பா