பெட்டியை மரத்தடியில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, ஜியோகேச்சிங்கைச் சிறுவர்களின் புதையல் விளையாட்டு என்று இரண்டே வரியில் முடித்திருந்தது. ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அவர் இணையத்தில் தரும் இட எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) வைத்து ஜிபிஎஸ் கருவியால் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அது. முப்பது ஆண்டுகள் நில அளவையில் கழித்தவனுக்குக் கோபம் வராதா? பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் கணிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நீக்கிய ஓரிரு நாளிலேயே பிறந்த விளையாட்டு இது.

இங்கே நியூசிலாந்தின் வைக்காட்டோ வட்டாரத்தில், என் மகள் வீட்டருகே உள்ள பூங்காவில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அது காட்டித்தருவது கஹிகடேயா என்னும் சதுப்புநில மரத்தை. நியூசிலாந்தின் மரங்களில் இதுதான் மிக உயரமானது; அறுபது மீட்டர்கூட வளரும். வெள்ளை மரம், வாடையே கிடையாது. வெண்ணெயில் மணம் ஏறாது என்பதால், 1880களிலிருந்து பிரிட்டனுக்கு வெண்ணெய் அனுப்பும் பெட்டிகளுக்காக இதை அறுத்துத் தள்ளினார்கள். மரம் நின்ற சதுப்பை வடித்துப் புல்வெளியாக்கினார்கள். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வெண்ணெய், அந்த மரத்துப் பெட்டியிலேயே கப்பலேறியது!

நான் எழுத வந்தது வேறு. முதலில் பூங்காவின் அந்த விளையாட்டு டப்பாவை மரத்தின் பலகைவேர் இடுக்கில்தான் செருகியிருந்தார்கள். அடர்ந்த கிளைகளின் கீழே ஜிபிஎஸ் பத்து மீட்டர் அலைபாயும். "தாத்தா, மரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது" என்றாள் பேத்தி. வந்தவர்கள் எல்லாரும் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் பெரணிகள் நசுங்கின. ஈரமண் தார்ச்சாலைபோல இறுகியது. சதுப்பு மரத்தின் வேர் மேல்மண்ணில்தான் மூச்சு விடுகிறது. இதை, கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத டப்பாவில் வைத்திருந்த நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன் (பேத்திக்கு அதில் வெட்கம்).

வைத்தவர் யாரோ, நல்லவர். பெட்டியை மரப்பாலத்தின் கைப்பிடிக்குக் கீழே மாற்றிவிட்டு, மரத்துக்கு, பெட்டியின் இட எண்ணில் கடைசி இலக்கத்தைத் தரும் ஒரு கேள்வியை மட்டும் விட்டுவைத்தார்: "இது ஆண் மரமா, பெண் மரமா? ஆண் என்றால் கடைசி எண் 3, பெண் என்றால் 8." கஹிகடேயாவில் ஆண் வேறு, பெண் வேறு. மரத்தைத் தொடவே வேண்டாம், பாதையில் நின்று தரையைப் பார்த்தால் போதும். மார்ச் மாதம் போனோம். செம்மஞ்சள் நிறச் சதை, அதன் உச்சியில் மிளகளவு கறுத்த விதை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் கொரோயீ என்று சொல்லித் தின்ற பழம். கெரெரு புறாக்கள் தின்னும்போது உதிர்த்தவை பாதையெங்கும் கிடந்தன.

எட்டு.

பெட்டி வைக்க நினைக்கும் உங்கள் வாசகர்களும் இப்படியே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி பெறுவதும், ஆணி அடிக்காமல் மண்ணைத் தோண்டாமல் இருப்பதும் விளையாட்டின் விதியிலேயே இருக்கின்றன. அதற்கு மேல் வேரிலிருந்து இருபது அடி தள்ளி வையுங்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே இருக்கும் பென்சிலின் முனை உடைந்திருக்கிறது. கையோடு ஒன்று கொண்டு வாருங்கள்.

— ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஹாமில்டன், நியூசிலாந்து